படமும் நிகழ்வும்: டிடெக்டர் தரவு பைதானுக்குள் வரும் இரு வழிகள்

ஒரு தொலைநோக்கிக் கேமரா எழுதிய கோப்பைத் திறந்து, நடுவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பைட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதல் பைட்டின் மதிப்பு 131, அடுத்ததன் மதிப்பு 232. இரண்டும் சேர்ந்தால் ஒரு பிக்சலின் அளவீடு. அது எவ்வளவு? முதல் பைட்டை மேல் இலக்கமாக வைத்துக் கணக்கிட்டால் 33,768 வருகிறது. அதையே குறியுள்ள 16 பிட் எண்ணாகக் கொண்டால் மைனஸ் 31,768. பைட்டுகளை முன்பின்னாக மாற்றி வாசித்தால் மைனஸ் 6,013. ஆனால் கேமரா சொன்ன அளவு 1,000. குறியுள்ள எண்ணாக வாசித்து, அதோடு 32,768-ஐக் கூட்டினால்தான் அந்த 1,000 கிடைக்கும். மற்ற மூன்று வழிகளில் எதைப் பின்பற்றினாலும் நிரல் எந்தப் பிழையும் காட்டாது. திரையில் ஏதோ ஒரு படம் வந்துவிடும். அதில் விண்மீன்கள்கூடத் தெரியலாம்.

டிடெக்டரின் கச்சாத் தரவை பைதான் போன்ற ஒரு கணிப்புச் சூழலுக்குள் கொண்டுவருவதை ஆய்வின் முன்னேற்பாடாக மட்டுமே பலர் பார்க்கிறார்கள். ஒரு நூலகத்தை அழைத்து, கோப்பின் பெயரைக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று எண்ணம். எனக்கோ ஆய்வின் மிக நுட்பமான கட்டமே அதுதான். கருவி எடுத்த முடிவுகள் எல்லாம் அந்த இடத்தில்தான் நம் கைக்கு வந்து சேர்கின்றன, அல்லது வராமல் போகின்றன. பைட் வரிசை என்ன, எண்ணுக்குக் குறி உண்டா, 32,768-ஐ எதற்காகக் கூட்ட வேண்டும் என்பதையெல்லாம் யார் சொல்வது? வானியலாளர்கள் இதற்கு ஒரு விடை கண்டார்கள், அது ஃபிட்ஸ். துகள் இயற்பியலாளர்கள் வேறொரு விடை கண்டார்கள், அது ரூட். இரண்டுமே இன்று பைதானின் நம்பை அணிகளில்தான் வந்து இறங்குகின்றன. அந்தப் பொது மேடையில் வைத்து இரண்டையும் பார்த்தால், ஒவ்வொன்றும் எதைக் காப்பாற்றுகிறது, எதை நழுவ விடுகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது.

ஃபிட்ஸ் பிறந்தது காந்த நாடாக்களின் காலத்தில். 1970-களின் இறுதியில் ஒவ்வொரு வானோக்கு நிலையமும் தன் நாடாவைத் தன் விருப்பப்படி எழுதிக்கொண்டிருந்தது. ஒரு நிலையத்தின் படத்தை இன்னொரு நிலையத்தில் வாசிக்க, தனியாக ஒரு நிரல் எழுதியாக வேண்டும். 1979-இல் உருவான உடன்பாட்டை வெல்ஸ், கிரைசன், ஹார்ட்டன் மூவரும் 1981-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்; 1982-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதை ஏற்றுக்கொண்டது. ஃபிட்ஸ் கோப்பு 2,880 பைட் கொண்ட பகுதிகளாகவே எழுதப்படும். பார்க்க விசித்திரமாக இருக்கும் இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. அன்றைய கணினிகளில் சொல்லின் நீளம் ஒன்றுக்கொன்று வேறுபட்டது. 36 பிட், 48 பிட், 60 பிட் இயந்திரங்களெல்லாம் புழக்கத்தில் இருந்தன. 2,880 பைட் என்பது 23,040 பிட். அதை 16, 18, 24, 32, 36, 48, 60, 64 ஆகிய எல்லாவற்றாலும் மீதியின்றி வகுக்கலாம். அறையில் எந்த இயந்திரம் இருந்தாலும் நாடா அதில் சிக்கலின்றி ஓடியது.

ஒவ்வொரு பகுதியிலும் 80 எழுத்து கொண்ட 36 வரிகள் அடங்கும். அந்த 80, துளை அட்டையின் அகலம். கோப்பின் தொடக்கத்தில் உள்ள ஹெடர் முழுவதும் கண்ணால் படிக்கக்கூடிய உரை. எந்த எடிட்டரில் திறந்தாலும் 'சிம்பிள்' என்று தொடங்கி 'எண்ட்' என்று முடியும் வரிகள் தெரியும். அவற்றில் 'பிட்பிக்ஸ்' என்ற வரி ஒரு பிக்சலுக்கு எத்தனை பிட் என்று சொல்கிறது. மதிப்பு எதிர்மறையாக இருந்தால் அது தசம எண். 'நாக்சிஸ்' வரிகள் அச்சுகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் தருகின்றன. 'பிஜீரோ' என்ற வரியில்தான் நம் 32,768 இருக்கிறது. ஃபிட்ஸில் குறியற்ற 16 பிட் எண்ணுக்குத் தனி வகை இல்லை. கேமராவின் மாற்றியோ 0 முதல் 65,535 வரை தருகிறது. அதனால் 32,768-ஐக் கழித்து எழுதிவிட்டு, கழித்த செய்தியை ஹெடரில் பதிவு செய்கிறார்கள். பைட் வரிசை எப்போதும் மேல் இலக்கம் முதலில் என்று தரநிலையே விதித்துவிட்டது. தொடக்கத்தில் பார்த்த 131, 232 புதிருக்கு விடை அந்தக் கோப்பிலேயே, எழுத்தில் இருக்கிறது.

பைதானில் ஆஸ்ட்ரோபை நூலகம் இதையெல்லாம் கவனித்துக்கொள்கிறது. அதன் ஃபிட்ஸ் பகுதி, ஹப்பிள் தொலைநோக்கியை நடத்தும் பால்டிமோர் விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தில் பைஃபிட்ஸ் என்ற பெயரில் வளர்ந்தது. இன்று அது 'பிஜீரோ'வைப் பார்த்ததும் கூட்டிக் கொடுத்து, குறியற்ற 16 பிட் அணியைத் தந்துவிடும். முன்பெல்லாம் அதே படம் 32 பிட் தசம எண்ணாக வந்து, நினைவகத்தில் இரு மடங்கு இடத்தைப் பிடித்தது.

ஆனாலும் ஒரு பொறி மிச்சமிருக்கிறது. அதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கச்சாக் கோப்பில் பார்க்கலாம். அதன் நியர்கேம் கருவியில் 10 டிடெக்டர்கள். ஒவ்வொன்றிலும் 2,048-க்கு 2,048 பிக்சல். அதில் விளிம்பைச் சுற்றி 4 பிக்சல் அகலத்துக்கு ஒளியே படாத ஒப்பீட்டுப் பிக்சல்கள். ஒளி சேரச் சேர, சேர்ந்த மின்னூட்டத்தை அழிக்காமலே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு போவது இந்த டிடெக்டரின் இயல்பு. அதனால் கச்சாக் கோப்பு ஒரே ஒரு படமாக இருப்பதில்லை. நான்கு அச்சு கொண்ட அணி அது: நெடுவரிசை, கிடைவரிசை, வாசிப்புக் குழு, ஒளியூட்டல் சுற்று. ஒரு குழுவுக்கு 83,88,608 பைட். 10 குழு என்றால் சுமார் 84 மெகாபைட். ஹெடரில் இந்த அச்சுகள் இதே வரிசையில் எழுதப்பட்டிருக்கும். நம்பைக்குள் வரும்போதோ வரிசை தலைகீழாகி, சுற்று முதலிலும் நெடுவரிசை கடைசியிலும் நிற்கும். ஹெடர் பிக்சலை 1-இலிருந்து எண்ணும், பைதான் 0-இலிருந்து எண்ணும். டிடெக்டர் செவ்வகமாக இருந்திருந்தால், அச்சை மாற்றிப் போட்டவுடன் எங்காவது நீளம் இடித்து நிரல் நின்றிருக்கும். சதுரத்தில் எதுவும் இடிக்காது. கிடையும் நெடுவும் இடம் மாறிய ஒரு படத்தில் ஒப்பீட்டுப் பிக்சல்கள்கூட அதே நான்கு விளிம்புகளில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும்.

ஆக ஃபிட்ஸ் வழியில் வரும் தவறு பெரும்பாலும் எண்ணின் மதிப்பில், அல்லது அது எந்த இடத்துக்குரியது என்பதில் நேர்கிறது.

துகள் இயற்பியலின் நிலைமை வேறு. அங்கே டிடெக்டர் படம் எடுப்பதில்லை. ஒரு மோதல் நடக்கிறது, அதிலிருந்து இரண்டு மியூவான் வரலாம். அடுத்ததில் ஒன்றுமே வராமல் போகலாம், அதற்கடுத்ததில் மூன்று வரலாம். ஒவ்வொரு நிகழ்வும் ஒவ்வொரு நீளம். இதைச் சதுரக் கட்டத்தில் அடைக்க முடியாது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் ரெனே புருனும் ஃபோன்ஸ் ரேட்மேக்கர்ஸும் 1995 வாக்கில் ரூட்டைத் தொடங்கியபோது அவர்கள் கண்முன் இருந்தது என்ஏ49 என்ற கன அயனிச் சோதனை. ஒரு ஓட்டத்துக்கு ஏறத்தாழ 10 டெராபைட் தரவைக் கொட்டியது அது. ஃபோர்ட்ரானில் எழுதிய பழைய கருவிகள் அதற்குத் தாங்கவில்லை. சி++ மொழியின் பொருள்களை அப்படியே வட்டில் எழுதி, அப்படியே திரும்ப எடுக்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கமாக இருந்தது.

அதிலிருந்து வந்த அமைப்புதான் 'டிட்ரீ'. ஒரு மரம், அதில் கிளைகள். மியூவானின் உந்தம் ஒரு கிளை, அதன் மின்னூட்டம் வேறொரு கிளை. ஒவ்வொரு கிளையும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு, 'பாஸ்கெட்' எனப்படும் சிறு தொகுதிகளாகக் கோப்பில் கிடக்கிறது. இதன் பலனை செர்ன் திறந்த தரவுத் தளத்தில் உள்ள ஒரு கோப்பில் கண்கூடாகப் பார்க்கலாம். சிஎம்எஸ் சோதனையின் 2012-ஆம் ஆண்டுத் தரவிலிருந்து பயிற்சிக்காகப் பிரித்தெடுத்த இரட்டை மியூவான் கோப்பு அது. 6 கிளைகள், சுமார் 6 கோடியே 15 லட்சம் நிகழ்வுகள், ஏறத்தாழ 2 கிகாபைட். மின்னூட்டம் மட்டும் வேண்டுமென்றால் அந்தக் கிளையின் பாஸ்கெட்டுகளை மட்டும் விரித்தால் போதும், மற்ற ஐந்தைத் தொடவே வேண்டியதில்லை. ஃபிட்ஸிலும் அட்டவணை உண்டு. ஆனால் அது வரிசை வரிசையாக எழுதப்படுவது. ஒரு நெடுவரிசைக்காக வட்டில் கோப்பு நெடுகத் தாவித் தாவிச் செல்ல வேண்டும்.

நீளம் மாறும் நிகழ்வுகள் பைதானுக்குள் எப்படி வருகின்றன? நான்கு நிகழ்வுகளில் முறையே 2, 0, 3, 1 மியூவான் என்று வைத்துக்கொள்வோம். ஆறு உந்த மதிப்புகளும் ஒரே நீளத் தொடராக நிற்கும். அதோடு 0, 2, 2, 5, 6 என்று இன்னொரு சிறு தொடர் வரும். முதல் நிகழ்வு 0-இல் தொடங்கி 2-க்கு முன் முடிகிறது. இரண்டாவது 2-இல் தொடங்கி 2-இலேயே முடிகிறது, அதாவது காலி. மூன்றாவது 2 முதல் 5 வரை. நான்காவதில் கடைசி மதிப்பு மட்டும். ஆக்வர்ட் அரே என்ற நூலகம் இந்த இரண்டு தொடர்களையும் சேர்த்து, அவற்றை ஒரே அணிபோல் கையாளத் தருகிறது. ரூட் கோப்பிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்துக் கொடுப்பது அப்ரூட். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜிம் பிவார்ஸ்கி 2017-இல் தொடங்கிய நூலகம் அது. அதற்கு முன்பு பைதானில் ரூட் கோப்பைத் திறக்க வேண்டுமானால், பொதுவாக சி++ ரூட் தொகுப்பு முழுவதையும் கணினியில் நிறுவியாக வேண்டும். அப்ரூட் வந்தபின் ஒரு மாணவர் தன் மடிக்கணினியில் சில நிமிடங்களில் சிஎம்எஸ் தரவைத் திறந்துவிட முடிகிறது. என் பார்வையில் கடந்த பத்தாண்டுகளில் இத்துறையின் கல்விக்குக் கிடைத்த பெரிய உதவிகளில் இது ஒன்று.

இங்கே வரும் தவறும் வேறு வகையைச் சேர்ந்தது. எண்கள் சரியாகவே வரும், அவற்றின் உறவு அறுந்துபோகும். உந்தக் கிளையில் ஒரு வடிகட்டலைச் செய்து, மின்னூட்டக் கிளையில் வேறொரு வடிகட்டலைச் செய்து, இரண்டையும் தட்டையாக்கி அருகருகே வைத்தால், 7-ஆம் நிகழ்வின் உந்தத்தோடு 9-ஆம் நிகழ்வின் மின்னூட்டம் ஜோடி சேரும். நீளங்கள் தற்செயலாகப் பொருந்திவிட்டால் கேட்க நாதியில்லை. ஒவ்வொரு எண்ணையும் தனியே எடுத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால்தான் ரூட் தரவோடு பழகியவர்கள், தட்டையாக்குவதைக் கடைசி வரை தள்ளிப்போடுகிறார்கள். 0, 2, 2, 5, 6 என்ற அந்தச் சிறு தொடர் உடன் இருக்கும்வரை எந்த மியூவான் எந்த மோதலைச் சேர்ந்தது என்பது மறக்கப்படாது.

தன்னைப் பற்றிய விவரத்தைக் கோப்பு எங்கே வைத்திருக்கிறது என்பதிலும் இரண்டும் பிரிகின்றன. ரூட் கோப்பை எடிட்டரில் திறந்தால் முதல் நான்கு எழுத்துகளில் 'ரூட்' என்று படிக்கலாம். அதன்பின் மனிதக் கண்ணுக்கு ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆனால் உள்ளே 'ஸ்ட்ரீமர் இன்ஃபோ' என்ற பதிவு இருக்கிறது. எழுதப்பட்ட ஒவ்வொரு வகுப்பிலும் எந்தெந்த உறுப்பு, எந்த வகையில், எந்த வரிசையில் என்று அது சொல்லும். பத்து ஆண்டுக்குப் பின் அந்த வகுப்பே மாறிவிட்டாலும் பழைய கோப்பை வாசிக்க முடிவது இதனால்தான். ஃபிட்ஸ் அதே நிலைத்தன்மையை வேறு வழியில் பெற்றது: தரநிலை எப்படி மாறினாலும், ஏற்கெனவே செல்லுபடியான ஒரு கோப்பைச் செல்லாததாக்கக் கூடாது என்ற விதி. ஒன்று வடிவத்தையே உறைய வைத்தது. மற்றது வடிவத்தை மாறவிட்டு, அதன் விளக்கத்தை ஒவ்வொரு கோப்போடும் கட்டி அனுப்பியது.

ஆனால் ஸ்ட்ரீமர் இன்ஃபோ சொல்வது அமைப்பைத்தான். எண்ணின் பொருளை அது சொல்வதில்லை. உந்தம் எந்த அலகில் இருக்கிறது என்பதை எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ரூட்டில் இல்லை. அந்தச் சோதனையில் வேலை செய்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும், அவ்வளவுதான். ஃபிட்ஸில் அலகுக்கென்றே தனி வரி உண்டு. அதற்காக ஃபிட்ஸ் பக்கம் எல்லாம் சீராக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஹெடரின் சொற்கள் 8 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இன்றும் நெருக்குகிறது. ஒளியூட்டல் நேரத்தை ஒரு கருவி ஒரு சொல்லால் எழுதுகிறது, இன்னொரு கருவி வேறு சொல்லால் எழுதுகிறது. ஜேம்ஸ் வெப் கோப்புகளே தம் விவரங்களில் ஒரு பகுதியை ஃபிட்ஸுக்குள் செருகிய ஆஸ்டிஎஃப் என்ற புதிய வடிவத்தில்தான் சுமக்கின்றன. அடுத்து வரும் ரோமன் தொலைநோக்கி முழுவதுமாக அதற்கே போகிறது.

கச்சாத் தரவு என்ற சொல்லைக் கறாராக எடுத்துக்கொண்டால் இடைவெளி இன்னும் விரிகிறது. மேலே சொன்ன மியூவான் கோப்பு பலபடிக் கணக்கீட்டுக்குப் பின் வந்தது. சிஎம்எஸ்-இன் உண்மையான கச்சாத் தரவும் ரூட் கோப்பில்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது ஒவ்வொரு வாசிப்புப் பலகையும் அனுப்பிய பைட் மூட்டைகள். ரூட் அங்கே வெறும் உறை. அட்லஸ் சோதனையோ கச்சாத் தரவை ரூட்டில் வைக்காமல் 'பைட்ஸ்ட்ரீம்' என்ற தன் வடிவத்திலேயே வைத்திருக்கிறது. அந்த மூட்டையைப் பிரித்தாலும் கிடைப்பது இந்த வாயில் இத்தனை அளவு என்ற எண்கள் மட்டும்தான். சிஎம்எஸ்-இல் 2017-இல் பொருத்திய பிக்சல் டிடெக்டரில் மட்டும் 12 கோடியே 40 லட்சம் பிக்சல்கள். எல்லாவற்றையும் ஒவ்வொரு மோதலுக்கும் அனுப்ப முடியாது என்பதால், வரம்பைத் தாண்டிய பிக்சல்கள் மட்டும் தம் முகவரியோடு வெளிவருகின்றன. அந்த முகவரி டிடெக்டரில் எந்த இடம் என்று சொல்லும் கம்பி வரைபடமும், அன்றைய நாளின் அளவீட்டுத் திருத்தங்களும் தனித் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அவை இல்லாமல் அந்தக் கோப்பு வெளியாள் ஒருவருக்குப் பயன்படாது.

ஜேம்ஸ் வெப்பின் கச்சாக் கோப்பை, முன்னுரிமைக் காலம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொண்டு, அதிகாரபூர்வத் திருத்தத்தை ஒதுக்கிவிட்டுத் தம் வழியில் திருத்திப் பார்க்கலாம். பலர் அப்படிச் செய்கிறார்கள். புறக்கோள் வளிமண்டல ஆய்வுகளில் ஒரே தரவை வெவ்வேறு குழுக்கள் முதல் படியிலிருந்தே தனித்தனியாகக் கணக்கிட்டு, விடைகளை ஒப்பிட்டு வெளியிடுவது இப்போது வழக்கமாகவே ஆகிவிட்டது. இந்தத் திறப்புக்கு ஃபிட்ஸ் மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. சதுரமான, 40 லட்சம் பிக்சல் கொண்ட, நிதானமாக வாசிக்கும் டிடெக்டருக்கு அது எளிது. நொடிக்குக் கோடிக்கணக்கில் மோதல் நடக்கும் இடத்தில் அந்த எளிமைக்கு இடமில்லை. ஆனால் கண்ணால் படிக்கக்கூடிய ஹெடர் ஒன்றைக் கச்சாக் கோப்பின் தலையில் வைத்தே தீர வேண்டும் என்ற பழக்கம், கருவியைச் செய்தவர்களை விளக்கம் எழுத வைத்தது. அந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் வைணு பாப்பு தொலைநோக்கி எடுக்கும் படத்தையும் ஆஸ்ட்ரோபையின் அதே ஒற்றை வரியில் திறந்துவிட முடிவது அதன் பலன்.

இரண்டு வடிவங்களும் ஒரே வேலையில் சந்திக்கும் இடமும் உண்டு. பிரேசிலின் ஆங்ரா அணுமின் நிலையத்தில் உலைக்கு அருகே கோனி என்ற சோதனை நடக்கிறது. தடித்த சிசிடி சில்லுகளை வைத்து, உலையிலிருந்து வரும் நியூட்ரினோக்களின் சிறு மோதலைத் தேடுகிறார்கள். சிசிடி என்பதால் வெளிவருவது படம், ஆகவே ஃபிட்ஸ். அந்தப் படத்தில் மியூவான் நீண்ட கோடாகவும், எலக்ட்ரான் வளைந்த புழுவாகவும், சிறு ஆற்றல் படிவு புள்ளியாகவும் தெரியும். தடங்களைப் பிரித்தெடுத்தவுடன் ஒவ்வொன்றிலும் பிக்சல்களின் எண்ணிக்கை வேறுபடுகிறது. அந்தப் பட்டியல் ரூட்டுக்குப் போகிறது. பிக்சல் கட்டமாக இருக்கும்வரை ஃபிட்ஸ், நிகழ்வுகளாக உடைந்த பின் ரூட் என்ற இந்தப் பிரிவினையை அவர்கள் கோட்பாடு பேசி எட்டவில்லை. தரவின் வடிவமே அதை அவர்கள் மேல் சுமத்தியது.

கச்சா நிலைக்கு எது ஏற்றது என்று கேட்டால், கட்டமாக வாசிக்கும் எந்த டிடெக்டருக்கும் தயங்காமல் ஃபிட்ஸ் என்பேன். நிகழ்வுகளுக்கோ ரூட்டின் கிளை அமைப்புக்கு ஈடான விடை ஃபிட்ஸிடம் இல்லை. ஆனால் ரூட்டிடம் ஒரு குறை நீண்ட காலம் இருந்தது. டிட்ரீ வட்டில் எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு முழுமையான எழுத்து வடிவத் தரநிலை கிடையாது. சி++ நிரலே தரநிலையாக இருந்தது. அப்ரூட்டைச் செய்தவர்கள் பெரும்பாலும் அந்த நிரலைப் படித்தே வடிவத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 'டிட்ரீ'க்கு அடுத்து வரும் 'ஆர்என்டியூப்பிள்' இதைச் சரிசெய்கிறது. அதன் பைனரி வடிவத்தின் முதல் நிலையான விவரக்குறிப்பு 2024-இல் வெளிவந்தது. பைட் வரிசையும் இன்றைய செயலிகளுக்கு ஏற்ப, கீழ் இலக்கம் முதலில் என்று மாற்றப்பட்டிருக்கிறது. ரூட்டை ஒருபோதும் நிறுவாத ஒருவர், அந்த ஆவணத்தை மட்டும் மேசையில் வைத்துக்கொண்டு தன் மொழியில் ஒரு வாசிப்பானை எழுத முடியும். ஃபிட்ஸுக்கு அந்த வசதி 1981 முதலே இருக்கிறது.